பின் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்களா? இங்கிலாந்துக்குப் பயிற்சி ஆசிரியராகப் போகும் ஒருவருக்கு

கேட்டவர் திருநெல்வேலிக்காரப் பெண். பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்திருக்கிறார். இன்னும் எங்கும் வேலை பார்க்கவில்லை. வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் சேர இடம் கிடைத்திருக்கிறது. அவர் கேட்டவை: அங்கே பள்ளியில் உண்மையாகவே பாடம் நடத்த விடுவார்களா, பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதானா? இங்கே பி.எட்.டில் செய்த இன்டர்ன்ஷிப் அங்கே உதவுமா? ஊருக்குத் திரும்பினால் அந்த அனுபவத்துக்கு என்ன மதிப்பு? ஆஸ்திரேலியா போன தோழிகளின் வழி எப்படி?

விடுவார்கள். "இன்று ஒரு நாள் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேனே" என்று நீங்களே கெஞ்சும் அளவுக்கு விடுவார்கள். ஆனால் உங்கள் கேள்வியில் பின் பெஞ்சின் மேல் ஓர் இளக்காரம் தெரிகிறது. எனக்கும் அது இருந்தது. விருதுநகர் பக்கத்திலிருந்து போய் இதே படிப்பைப் படித்தவள் நான். இப்போது வட இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் கணக்கு நடத்துகிறேன், ஆண்டுக்கு ஒரு பயிற்சி ஆசிரியருக்கு மென்டராகவும், அதாவது வழிகாட்டும் ஆசிரியராகவும், இருக்கிறேன். அந்த ஓராண்டில் நான் கற்றதில் பாதிக்கு மேல் பின் பெஞ்சில்தான் நடந்தது. ஒன்று, நான் அங்கே உட்கார்ந்து பார்த்தபோது. இல்லையென்றால் வேறு யாராவது அங்கே உட்கார்ந்து என்னைப் பார்த்தபோது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சிப் படிப்பு என்றால் குறைந்தது 120 நாள், அதாவது 24 வாரம், பள்ளியில் இருந்தாக வேண்டும். அதுவும் குறைந்தது இரண்டு பள்ளிகளில். படிப்பே சுமார் 36 வாரம்தான். மூன்றில் இரண்டு பங்கு பள்ளி, மிச்சம்தான் பல்கலைக்கழகம். பெரிய நூலகத்தையும் புல்வெளியையும் கற்பனை செய்துகொண்டு போனால், டிசம்பர் மாதம் காலை ஆறரை மணி இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கனவு கலைந்துவிடும்.

இன்னொன்றையும் இப்போதே சரிபாருங்கள். பி.ஜி.சி.இ. என்பது பல்கலைக்கழகம் தரும் சான்றிதழ். அரசுப் பள்ளிகளில் முறையான ஆசிரியராவதற்குரிய தகுதி கியூ.டி.எஸ். என்பது. பெரும்பாலான முழுநேரப் படிப்புகளில் இரண்டும் சேர்ந்தே வரும். ஆனால் சர்வதேச பி.ஜி.சி.இ. என்ற பெயரில் தொலைதூரத்தில் நடக்கும் சில படிப்புகளில் கியூ.டி.எஸ். கிடையாது. உங்கள் அனுமதிக் கடிதத்தில் அந்த மூன்று எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டணம் கட்டும் முன் எழுதிக் கேளுங்கள். நான் சொல்வது எல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் படிப்பின் பெயரும் வேறு, ஆசிரியர்களைப் பதிவு செய்யும் அமைப்பும் வேறு.

பாடம் நடத்துவது எப்படித் தொடங்கும் என்றால், படிப்படியாக. முதல் சில வாரங்கள் பார்ப்பது. பிறகு ஒரு பாடத்தின் முதல் பத்து நிமிடம் உங்கள் கையில். பிறகு பாதிப் பாடம். முதல் பருவத்தின் நடுவில் வரும் விடுமுறைக்குப் பின் வாரத்துக்குச் சில முழுப் பாடங்கள். இரண்டாவது பள்ளிக்குப் போகும்போது ஏறக்குறைய ஓர் ஆசிரியரின் கால அட்டவணையில் பெரும்பகுதி உங்களுடையதாகியிருக்கும். முதல் பள்ளி நகரத்து நடுவில் என்றால் இரண்டாவதை வேண்டுமென்றே வேறு மாதிரியான இடத்தில் போடுவார்கள். முதல் பள்ளியில் பிடித்த பழக்கங்களெல்லாம் இரண்டாவதில் எடுபடாமல் போவதைப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. இதோடு 2024 செப்டம்பர் முதல் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்கள்: ஆண்டில் 20 நாள், கேள்வி கேட்பது, வகுப்பை அமைதிப்படுத்துவது போல ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்து, பிரித்து, ஒத்திகை செய்து பழகும் தீவிரப் பயிற்சி. நம் பி.எட்.டில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஆறேழு நிமிடம் சக மாணவர்களை வைத்துக்கொண்டு செய்வோமே, அதன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் இன்டர்ன்ஷிப். ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்.சி.டி.இ. 2014-இல் கொண்டுவந்த விதிகளின்படி இரண்டாண்டு பி.எட்.டில் 20 வாரம் பள்ளியில் கழிக்க வேண்டும். எண்ணிக்கையில் இங்கிலாந்துக்கு அது பெரிதாகக் குறைந்ததல்ல. ஆனால் அந்த வாரங்கள் எப்படிக் கழிந்தன என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். என் கதையைச் சொல்கிறேன். நான் போன பள்ளியில் முதல் நாளே ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை, "நல்லவேளை வந்தாய் அம்மா" என்று சாக்பீஸைக் கையில் கொடுத்துவிட்டுத் தேர்வுத்தாள் திருத்தப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு இருந்த வேலை அப்படி. நான் நடத்தியது சரியா தவறா என்று பார்க்க வகுப்பில் ஒரு பெரியவர்கூட இல்லை. கடைசியில் மதிப்பிடப்பட்டது என் ரெக்கார்டு நோட்டு: கலர் ஸ்கெட்ச் பேனாவில் கோடு போட்ட பாடத்திட்டம், சார்ட், தெர்மோகோல் துணைக்கருவி. உங்கள் அனுபவம் இதைவிட நன்றாக இருந்திருக்கலாம். இருந்திருந்தால் மகிழ்ச்சி.

அங்கே நிலைமை தலைகீழ். பயிற்சி ஆசிரியரைத் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாளாகவும் பயன்படுத்தக் கூடாது. வகுப்பின் பொறுப்பு கடைசிவரை அந்த வகுப்பாசிரியருடையதுதான். அவர் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். நம் ஊரில் என்னை யாரும் பார்க்கவில்லை, அங்கே எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படிப் பார்க்கப்பட்ட ஒரு பாடம். இயர் 8 வகுப்பு. அந்த நாட்டில் சொல்லும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொண்டால் நம் வகுப்பு வந்துவிடும், ஆகவே இது ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும் இருக்கும், நம் சிலேட்டின் பேத்தி. கேள்வி கேட்டால் எல்லோரும் விடையை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். நான் மனக்கணக்கோடு தொடங்கலாம் என்று, "சிக்ஸ் இன்டு எய்ட்டீன்" என்றேன். முப்பது பலகைகளும் உயர்ந்தன. இருபத்தொன்பதில் 3. ஒன்றில் பூனைப் படம்.

எனக்கு வியர்த்துவிட்டது. "இல்லை, நன்றாக யோசியுங்கள்" என்றேன். பலகைகள் இறங்கின, அழிக்கப்பட்டன, மறுபடி உயர்ந்தன. மறுபடியும் 3. "நூற்றெட்டு வர வேண்டும்" என்று நானே விடையைச் சொன்னேன். முன் வரிசையில் ஒரு பையன் மிகுந்த மரியாதையோடு கையைத் தூக்கினான். "மிஸ், பதினெட்டுக்குள் ஆறு மூன்று தடவைதானே போகும்?"

நம் ஊரில் "இன்டு" என்றால் பெருக்கல். அங்கே "சிக்ஸ் இன்டு எய்ட்டீன்" என்றால் பதினெட்டை ஆறால் வகுப்பது. இருபத்தொன்பது பிள்ளைகள் சரியாகச் சொன்ன விடையை, ஒரு தடவைக்கு இரண்டு தடவை நான் தவறு என்று சொல்லியிருக்கிறேன். பின்னால் மென்டர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார், சிரிப்பை மறைக்கத்தான். யாரும் பார்க்காத வகுப்பாக இருந்திருந்தால், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடே தெரியவில்லை என்று ஊருக்கு போன் செய்து சொல்லியிருப்பேன்.

ஆங்கிலம் சரளமாக வரும் என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் வகுப்பறை ஆங்கிலம் என்று ஒன்று தனியாக இருக்கிறது. நாம் எந்தக் கணக்கையும் "சம்" என்போம். அங்கே கணக்கு ஆசிரியர்கள் கூட்டலைத் தவிர வேறெதையும் அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பாடம் முடிந்ததும் "எனி டவுட்ஸ்?" என்று கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். அவர்களுக்கு டவுட் என்றால் நம்பிக்கையின்மை, நாம் கேட்க நினைப்பது கேள்வி. நாம் அறிவியல் குறியீடு என்று படித்தது அங்கே "ஸ்டாண்டர்ட் ஃபார்ம்". எந்தச் செயலை முதலில் செய்வது என்று சொல்லும் நம் பாட்மாஸ் அங்கே பல பள்ளிகளில் பிட்மாஸ். ஒரு நாள் ஓர் ஆசிரியர், "இதை பஸ் ஸ்டாப்பில் போடுங்கள்" என்றதும் நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். வகுத்தலுக்கு அவர்கள் போடும் கூரை மாதிரியான கோட்டுக்கு அந்தப் பெயர். பார்த்தால் நிழற்குடை போலத்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, போகும் முன்பே ஜி.சி.எஸ்.இ., அதாவது அங்கே பதினாறு வயதில் எழுதும் பொதுத் தேர்வின், கணக்குத் தாள்களை எடுத்து உட்கார்ந்து போடுவது. தேர்வு வாரியங்களின் தளங்களில் பழைய தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்று தாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். முதல் தாளில் கால்குலேட்டர் கூடாது, மற்ற இரண்டில் உண்டு. அந்த இரண்டைத்தான் அதிகம் போட்டுப் பாருங்கள். நாம் கால்குலேட்டர் இல்லாமல் வளர்ந்தவர்கள், அங்கே பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதில் பின்னத்தையும் சராசரியையும் தட்டி எடுத்துவிடும். ஒரு கேஸியோ வாங்கி விரல் பழகிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு பட்டன் தேடுவது நல்ல காட்சி அல்ல. அங்கே இரண்டு அடுக்குத் தாள்கள் உண்டு, எளியதும் கடினமானதும். கடினமானதை நீங்கள் போட்டுவிடுவீர்கள். எளிய தாளைப் போட்டு, ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் ஒரு பிள்ளை இதில் எங்கே தடுக்கி விழும் என்று எழுதுங்கள். அதுதான் நீங்கள் செய்யப்போகும் வேலை.

சரி, பார்ப்பதற்கு வருவோம். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாள் வகுப்பைப் பார்த்துவிட்டு வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேட்பேன். "நன்றாக நடத்தினார், பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள்" என்பார்கள். அது பார்த்ததாகாது, கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பது போலத்தான். சமையல்காரர் பார்க்கும் பார்வை வேறு. ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு கேள்வியோடு உட்காருங்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை நொடி காத்திருக்கிறார்? நொடிகளை எண்ணுங்கள். வகுப்புக்குள் பிள்ளைகள் நுழையும் முதல் இரண்டு நிமிடம் அவர் எங்கே நிற்கிறார்? பெரும்பாலும் கதவருகே, ஒரு கண் நடையிலும் ஒரு கண் அறையிலும். தவறான விடை வந்தால் அவர் முகம் என்ன ஆகிறது? இப்படி.

நான் நடத்திய ஒரு பாடத்தில் மென்டர் செய்தது இன்னும் என் கோப்பில் இருக்கிறது. வகுப்பில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்ற வரைபடத்தை நகல் எடுத்துக்கொண்டு, நான் யாரிடம் கேள்வி கேட்கிறேனோ அந்தப் பெயரில் ஒரு கோடு போட்டிருக்கிறார். இடது பக்கம் முன் இரண்டு வரிசையில் கோடுகள் குவிந்து கிடந்தன. வலது பக்க ஜன்னலோரம் வெள்ளைத் தாள் வெள்ளைத் தாளாகவே இருந்தது. நான் வலக்கைக்காரி, போர்டில் எழுதிவிட்டுத் திரும்பும்போது கண் முதலில் விழும் இடம் அந்த இடது பக்கம். ஐம்பது நிமிடம் வகுப்பில் பாதிப் பேர் எனக்கு இல்லவே இல்லை. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, தாளை மேஜைமேல் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார்.

முதல் மாதத்தில் ஒரு முழு நாள் ஒரே பிள்ளையின் பின்னால் வகுப்பு வகுப்பாகப் போகச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். நான் பின்தொடர்ந்தது கணக்கு வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணை. விகிதம் புரியவில்லை என்று அவள் பெயருக்கு நேரே எழுதி வைத்திருந்தேன். மதியம் சமையல் வகுப்பு. நான்கு பேருக்கான கேக் குறிப்பைப் பத்துப் பேருக்கு மாற்ற வேண்டும். அந்தப் பெண் பேப்பர் பென்சில் இல்லாமல், மாவை இரண்டரை மடங்கு, சர்க்கரையை இரண்டரை மடங்கு என்று தராசில் கொட்டிக்கொண்டே, பக்கத்து மேஜைக்காரிக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் நான் விகிதப் பாடத்தை கேக்கிலிருந்து தொடங்கினேன். அவள் கை தூக்கினாள் என்று எழுத ஆசைதான். தூக்கவில்லை. ஆனால் பலகையில் எல்லா விடையும் சரியாக இருந்தது.

பாடம் முடிந்தபின் வரும் விமர்சனத்தைப் புரிந்துகொள்வதும் ஒரு மொழிப் பயிற்சி. வாரம் ஒருமுறை மென்டருடன் உட்கார நேரம் ஒதுக்கியிருப்பார்கள். நம் ஊரில் தவறென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அங்கே "மிக அழகாக இருந்தது, ஒருவேளை அடுத்த முறை இதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமோ" என்பார்கள். அந்த "ஒருவேளை"யைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். நாளைக்குள் மாற்று என்பதுதான் அதன் பொருள். என்னோடு படித்த ஒருவர் ஆறு வாரம் அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஏழாவது வாரம் முன்னேற்றம் இல்லை என்று அறிக்கை வந்தபோது இடிந்துபோனார். சந்தேகம் வந்தால் நேராகக் கேட்டுவிடுங்கள்: "நான் கட்டாயம் மாற்ற வேண்டிய ஒன்று எது?" அப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. முடிவில் உங்களை மதிப்பிடுவது ஆசிரியர்களுக்கென்று வகுத்திருக்கும் எட்டுத் தர அளவுகளின்படியும், நடத்தை பற்றிய ஒரு தனிப் பகுதியின்படியும். ரெக்கார்டு நோட்டின் அழகு அதில் வராது. என்னிடம் வந்த தமிழ்ப் பெண் ஒருவர் ஒரு பாடத்துக்கு ஏழு பக்கத் திட்டம் எழுதி, இரவு ஒரு மணிக்குத் தூங்கி, காலையில் வகுப்பில் கொட்டாவி விட்டார். ஒரு பக்கம் போதும் என்று நம்ப வைக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

பெயர் விஷயம் வேடிக்கையானது. ஆசிரியர் அறையில் தலைமையாசிரியர் உட்பட எல்லோரையும் முதற்பெயரால் அழைப்பார்கள். "மேடம்" என்று நீங்கள் சொன்னால் அவர்கள்தான் நெளிவார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் மட்டும் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் அந்த இடத்தில் இருக்கும். ஆக, பள்ளி முழுக்க என் அப்பா பெயரைச் சொல்லி "மிஸ்" என்று கூப்பிட்டது. போனில் அப்பாவிடம் சொன்னேன். "பத்தாவதில் கணக்கில் தோற்றவன் நான். என் பெயரிலேயே கணக்கு டீச்சரா?" என்றார். "மிஸ்" என்ற அழைப்பு நமக்குப் பழகியதுதான், அதுவே அந்த ஊரில் முதலில் காதுக்கு இதமாக இருந்த சொல்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டில்லை. பள்ளிக்குள் நுழையும் முன் பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்து அந்நாட்டுக் கல்வித் துறை வெளியிட்டிருக்கும் வழிகாட்டு ஆவணத்தின் முதல் பகுதியைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். கையெழுத்துக்காகப் படிக்காதீர்கள். ஒரு நாள் மணி அடித்தபின் ஒரு மாணவி பையை மெதுவாக மூடிக்கொண்டு நின்றாள். "மிஸ், ஒன்று சொன்னால் யாரிடமும் சொல்ல மாட்டீர்களே?" நம் பழக்கத்தில் வாய் தானாக, "சொல்ல மாட்டேன், சொல்லும்மா" என்றிருக்கும். அந்த வாக்கைத் தரக் கூடாது. "உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கலாம்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். நான் குறுக்கே கேள்வி கேட்கவில்லை. அவள் சொன்ன சொற்களையே அப்படியே எழுதி, அன்றே, அடுத்த பாடத்துக்கு முன்பே, பாதுகாப்புக்கென்று பள்ளியில் பொறுப்பாக இருக்கும் ஆசிரியரிடம் கொடுத்தேன். அதற்கு மேல் விசாரிப்பது என் வேலை அல்ல. தோளில் கை வைத்துத் தேற்றுவது, தனியாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது, உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுப்பது எதுவும் கூடாது. நம் ஊரில் அன்பென்று நினைத்துச் செய்பவை இவை. அடிப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. நம் நாட்டிலும் 2009 கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது, அங்கே அரசுப் பள்ளிகளில் பிரம்பு போனது 1980-களிலேயே.

தமிழ் உதவுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இங்கிலாந்துப் பள்ளிகளில் ஐந்தில் ஒரு பிள்ளைக்காவது வீட்டுமொழி ஆங்கிலம் அல்ல. லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் பள்ளி கிடைத்தால் ஈழத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். "மிஸ், நீங்கள் தமிழா?" என்று நடைவழியில் மெல்லக் கேட்கும் பிள்ளை, வகுப்பில் நாலு பேர் முன்னால் தமிழில் பேசினால் கூசிப்போகலாம். அவர்கள் போக்கில் விடுங்கள்.

காகித வேலை. மென்டரும் பாடத்திட்டமும் அப்புறம், இது முதலில். குற்றப் பின்னணிச் சோதனை முடியாமல் எந்தப் பள்ளியும் வாசல் படி ஏற விடாது. அந்நாட்டுச் சோதனைக்கு விண்ணப்பிக்கப் பல்கலைக்கழகம் வழி சொல்லும். அதோடு நீங்கள் வாழ்ந்த நாட்டின் காவல் துறைச் சான்றும் கேட்பார்கள். நம் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கும் பி.சி.சி. அது. இங்கே இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி ஊரிலிருந்து அந்த ஒரு தாள் வருவதற்காக மூன்று வாரம் விடுதி அறையில் உட்கார்ந்திருந்தாள், அந்த மூன்று வாரத்தையும் ஜூனில் ஈடு செய்தாள்.

பணம் பற்றிக் கூசாமல் பேச வேண்டும். மாணவர் விசாவில் படிக்கும்போது பள்ளியில் செய்யும் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. முழுநேர வேலை செய்துகொண்டே நீங்கள்தான் கட்டணம் கட்டுகிறீர்கள். படிப்பின் அங்கமான பள்ளிப் பயிற்சி, வாரம் 20 மணி நேரம் என்ற வேலை வரம்பில் சேராது. ஆகவே சட்டப்படி வெளியே 20 மணி நேரம் வேலை பார்க்கலாம்தான். உடம்புப்படி முடியாது. சனிக்கிழமை மட்டும் ஒரு கடையில் நின்றேன், அதுவே இரண்டாவது பள்ளிக் காலத்தில் விட வேண்டியதாயிற்று. அங்கே போய்ச் சம்பாதித்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று வீட்டில் கணக்குப் போட்டிருந்தால் அதைத் திருத்திவிடுங்கள்.

இன்னொரு வழி இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. 2023 பிப்ரவரி முதல், இந்தியாவில் பயிற்சி பெற்று 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல் அல்லது மொழிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், குறைந்தது ஓராண்டு அனுபவம் இருந்தால் மறுபடி படிக்காமலே கியூ.டி.எஸ்.-க்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். உங்களிடம் பி.எட். இருக்கிறது, அந்த ஓராண்டு அனுபவம்தான் இல்லை. நோக்கம் வெறும் தகுதியும் வேலையும் என்றால், ஊரில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு இந்த வழியில் முயன்றால் பெரிய செலவு மிச்சம். ஆனால் நேரடியாக வந்து சேர்ந்த நம் ஊர் ஆசிரியர்கள் சிலரை எங்கள் பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன். பாடத்தில் புலிகள். முதல் வாரமே முழு அட்டவணையோடு, பின்னால் யாரும் இல்லாமல், என் "இன்டு" கதையை அவர்கள் முப்பது பிள்ளைகளுக்கு முன் தனியாக அனுபவித்தார்கள். பணம் இருந்தால் பி.ஜி.சி.இ., கடன் வாங்கித்தான் போக வேண்டுமென்றால் ஓராண்டு பொறுத்திருங்கள் என்பது என் அபிப்பிராயம். 2022 முதல் ஊரிலிருந்தே, ஊர்ப் பள்ளியில் பயிற்சி செய்து இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் வழியாகச் சர்வதேச கியூ.டி.எஸ். பெறும் ஏற்பாடும் இருக்கிறது, உங்கள் பள்ளி அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியா போன தோழிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே முதுநிலை ஆசிரியர் பயிற்சி இரண்டாண்டு, பள்ளியில் குறைந்தது 60 நாள். ஆசிரியராகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு மூலம் போனால் சராசரி 7.5 வேண்டும், பேசுவதிலும் கேட்பதிலும் 8. படிப்பில் சேரும்போது கேட்கும் மதிப்பெண்ணோடு இதைக் குழப்பிக்கொண்டு பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

திரும்பி வந்தால்? உங்களுக்கு ஏற்கெனவே பி.எட். இருப்பதால் தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு அடிப்படை அதுதான், தகுதித் தேர்வும் போட்டித் தேர்வும் எல்லோருக்கும் போலத்தான். பி.எட். இல்லாமல் பி.ஜி.சி.இ.யை மட்டும் நம்பிப் போகிறவர்களுக்குத்தான் என் எச்சரிக்கை: அது இங்கே பி.எட்.டுக்குச் சமமாக ஏற்கப்படுமா என்று போகும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகள் இந்த அனுபவத்தை விரும்பிக் கேட்கும். அங்கேயே தங்கினால் படிப்புக்குப் பின் இரண்டாண்டு தொடக்கநிலை ஆசிரியர் காலம், முதலாண்டு பத்தில் ஒரு பங்கும் இரண்டாமாண்டு இருபதில் ஒரு பங்கும் பாடவேளை குறைத்துத் தருவார்கள். அந்த நேரத்தில் போய் அடுத்தவர் வகுப்பின் பின் பெஞ்சில் உட்காரலாம், நான் உட்கார்ந்தேன்.

இப்போது மே மாதம். ஜூன் முழுக்க வாரம் ஒரு ஜி.சி.எஸ்.இ. எளிய தாள் போடுங்கள், பி.சி.சி.க்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று நீங்கள் எழுதி வைப்பதை எனக்கு அனுப்பினால், எங்கள் இயர் 10 பிள்ளைகள் உண்மையில் எங்கே விழுந்தார்கள் என்று பக்கத்தில் குறித்து அனுப்புகிறேன்.